பழைய லேப்டாப்பில் எக்ஸ்எஃப்சிஇயை வேலேண்டுக்குக் கொண்டுபோவது எப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று டெல்டாவில் எந்த ஊர் கடைத்தெருவில் பார்த்தாலும், டிடிபி கடையிலோ டியூஷன் சென்டரிலோ ஒரு பழைய லேப்டாப் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த இயந்திரங்கள் பல இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவற்றில் டெபியன், மின்ட் போன்ற லினக்ஸ் வகை ஒன்றைப் போட்டு, மேலே எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் வைத்து ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது இது.

எக்ஸ்எஃப்சிஇ 1996-இல் பிறந்தது. அது இத்தனை காலம் நம்பியிருந்த, நிரல்களின் விண்டோக்களைத் திரையில் காட்டும் எக்ஸ்11 என்ற அமைப்பு 1987-ஐச் சேர்ந்தது. அதற்கு மாற்றாக 2008-இல் தொடங்கிய வேலேண்ட்தான் இப்போது எல்லா இடத்திலும் முதலிடத்துக்கு வருகிறது. ரெட்ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 10 தன் தொகுப்பிலிருந்து எக்ஸ்11-ஐ இயக்கும் எக்ஸ் சர்வரையே எடுத்துவிட்டது. உபுண்டு 25.10-இன் க்னோம் டெஸ்க்டாப்பில் எக்ஸ்11 செஷன் (லாகின் செய்ததும் திறக்கும் பணிச்சூழல்) கிடையாது. எக்ஸ்எஃப்சிஇ மட்டும் அவசரப்படவில்லை. 2024 டிசம்பரில் வந்த 4.20 பதிப்பில்தான் வேலேண்ட் ஆதரவு முதன்முறையாக வந்தது, அதுவும் 'சோதனை நிலை' என்ற முத்திரையோடு.

முத்திரையை அலட்சியப்படுத்த வேண்டாம். கணினியைத் தலைகீழாக மாற்றாமல், பழைய எக்ஸ்11 செஷனை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் வேலேண்ட் செஷன் ஒன்றைச் சேர்ப்பதுதான் சரிப்பட்டு வரும் வழி. காலையில் ஒன்று, மாலையில் மற்றொன்று என்று மாறி மாறி நுழையலாம். உங்கள் வேலைகள் எல்லாம் புதியதில் நடக்கின்றன என்று உறுதியான பிறகு பழையதை மறந்தால் போதும்.

இங்கே நிரல்களின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தேடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

யாருக்கு இது தேவையில்லை

ஒரே திரை, ஒரே வேலை, எல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் எக்ஸ்11-இலேயே இருங்கள். டெபியன் 13-க்கு 2028 வரை முழு ஆதரவு உண்டு. அதில் எக்ஸ்11 செஷன் குறையில்லாமல் இருக்கிறது.

பழைய லேப்டாப்போடு புதிய 4கே டிவியையோ மானிட்டரையோ சேர்த்து, இரண்டிலும் எழுத்து ஒழுங்கான அளவில் தெரிய வேண்டும் என்பவருக்கு வேலேண்ட் நிஜமாகவே உதவும். வீடியோ ஓடும்போது திரையின் குறுக்கே கோடு கிழிகிற தொல்லையும் போய்விடும்.

வேகம் கூடும் என்று எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பணத்தையும் நேரத்தையும் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் பழைய ஹார்ட்டிஸ்க்கை மாற்றுவதில் போடுங்கள். அதில் தெரிகிற வித்தியாசம் இதில் தெரியாது.

வன்பொருள் பார்த்துக்கொள்ளுங்கள்

செயலி 64 பிட் ஆக இருக்க வேண்டும். டெபியன் 13-இல் 32 பிட் கணினிகளுக்கான நிறுவியே கிடையாது. பழைய லேப்டாப்களில் செயலி 64 பிட் ஆக இருந்தும் உள்ளே 32 பிட் லினக்ஸ் போட்டு வைத்திருப்பார்கள். அப்படியானால் மேம்படுத்த முயலாமல் புதிதாக நிறுவுவதே நல்லது.

இன்டெல் எச்டி கிராஃபிக்ஸ் இருந்தால் கவலை இல்லை. ஏஎம்டி ரேடியானும் பெரும்பாலும் சொன்னபடி கேட்கும். தகராறு என்விடியாவில்தான். அந்த நிறுவனத்தின் சொந்த டிரைவரில் 495-ஆம் பதிப்புக்குப் பிறகுதான் வேலேண்டுக்குத் தேவையான இணைப்பு வந்தது. பழைய கார்டுகள் 390, 470 டிரைவர்களோடு நின்றுவிடுகின்றன. அவற்றில் இந்த முறை ஓடாது. அந்த டிரைவரை எடுத்துவிட்டு, லினக்ஸோடு வரும் நூவோ டிரைவரில் முயன்று பார்க்கலாம். இல்லையென்றால் எக்ஸ்11 இருக்கிறது. ஆட்டம் செயலி உள்ள சின்ன நெட்புக்குகளையும் எக்ஸ்11-இலேயே விட்டுவிடுங்கள்.

ரேம் 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 2 ஜிபியிலும் டெஸ்க்டாப் ஓடும், ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும். அதற்கும் வேலேண்டுக்கும் சம்பந்தமில்லை.

எந்த நாளில் செய்வது என்பதையும் பார்த்து வையுங்கள். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் நிறுவலைத் தொடங்கக் கூடாது. இந்த லேப்டாப்களின் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும், பாதியில் கரண்ட் போனால் கணினி திறக்காமலே போகலாம். இன்வெர்ட்டர் லைனில் செருகிவிட்டுத் தொடங்குங்கள். அடங்கல், பயிர்க் காப்பீடு என்று கூட்டம் வருகிற கடை என்றால், சம்பா காப்பீட்டுப் பதிவு நெருக்குகிற நவம்பர் முதல் பாதியில் கணினியில் கையே வைக்காதீர்கள்.

நிறுவும் வேலை

தேவையானது எக்ஸ்எஃப்சிஇ 4.20. டெபியன் 13-இல் அதுதான் வருகிறது. டெபியன் 12-இலும் மின்ட் 22-இலும் இருப்பது 4.18, அதில் இந்தச் செஷன் கிடையாது. ஆகவே முதலில் டெபியன் 13. வீட்டுக் கோப்புறை முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்த பிறகு, 8 ஜிபி பென்டிரைவில் எக்ஸ்எஃப்சிஇயோடு கூடிய லைவ் படிமத்தை (நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடியது) எழுதி, அதிலிருந்து நிறுவுங்கள். லைவ் நிலையிலேயே வைஃபை, சவுண்ட், எச்டிஎம்ஐ மூன்றையும் சோதித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

நிறுவி முடித்து, வழக்கமான எக்ஸ்11 செஷனில் நுழைந்து, சினாப்டிக் தொகுப்பு மேலாளரைத் திறங்கள். தொகுப்புகளைச் சேர்க்கும் வேலையை எல்லாம் இந்தச் செஷனில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். ரூட் (நிர்வாகி) உரிமையோடு திறக்கும் இத்தகைய நிரல்கள் வேலேண்டில் திறக்க மறுப்பதுண்டு.

முதலில் சேர்க்க வேண்டியது லேப்டபிள்யூசி (எல், ஏ, பி, டபிள்யூ, சி என்று ஐந்து எழுத்து). இது ஏன் என்று தெரிந்துகொள்வது நல்லது. எக்ஸ்எஃப்சிஇயின் சொந்த விண்டோ மேலாளர் இன்னும் வேலேண்டுக்கு மாறவில்லை. பேனல், டெஸ்க்டாப், துனார் என்ற கோப்பு மேலாளர், செட்டிங்ஸ் எல்லாம் மாறிவிட்டன, விண்டோக்களைத் திரையில் வரைகிற ஆள்தான் இல்லை. அந்த இடத்தில் லேப்டபிள்யூசி வந்து உட்காருகிறது. ராஸ்பெரி பை கணினிகளிலும் 2024 முதல் இதுதான் இருக்கிறது, அதனால் எளிய வன்பொருளில் ஓடிப் பழகியது. இதை நிறுவாமல் வேலேண்ட் செஷனைத் தேர்ந்தெடுத்தால் திரை ஒரு கணம் கறுத்து, மறுபடி லாகின் பக்கத்துக்கே வந்து நிற்கும். புதியவர்கள் முதலில் முட்டிக்கொள்வது இங்கேதான்.

கூடவே எக்ஸ்வேலேண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ்11-ஐ மட்டுமே அறிந்த பழைய நிரல்கள் இதன் வழியாகத்தான் புதிய செஷனில் ஓடும். திரை அமைப்பு, திரைப்பூட்டு, நிறம், வெளிச்சம் ஆகியவற்றைக் கவனிக்கும் டபிள்யூடிஸ்ப்ளேஸ், ஸ்வேலாக், ஸ்வேஐடில், காமாஸ்டெப், பிரைட்னஸ்கண்ட்ரோல் ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரைட்னஸ்கண்ட்ரோலின் தொகுப்புப் பெயர் 'பிரைட்னஸ்சிடிஎல்' என்று சுருக்கமாக இருக்கும். லிப்ரே ஆஃபீஸ் பயன்படுத்துகிறவர்கள் அதன் ஜிடிகே3 தொகுப்பை மறக்க வேண்டாம் (ஜிடிகே, கியூடி இரண்டும் நிரல்களின் விண்டோ, பொத்தான்களை வரையும் கருவித்தொகுப்புகள்). அது இல்லாவிட்டால் ரைட்டர் பழைய எக்ஸ் வழியில் திறந்து, தமிழ் உள்ளீட்டில் முரண்டு பிடிக்கும்.

இப்போது லாக்அவுட் செய்யுங்கள். லாகின் திரையின் வலது மேல் மூலையில் சின்ன ஐகான் ஒன்று இருக்கும். அதைச் சொடுக்கினால் செஷன் பட்டியல் விரியும். அதில் வேலேண்ட் என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கும் எக்ஸ்எஃப்சிஇ செஷனைத் தேர்ந்து கடவுச்சொல் கொடுங்கள். ஒருமுறை தேர்ந்தது அடுத்த முறையும் நினைவில் இருக்கும். திரும்பி வர வேண்டுமானால் இதே இடம்தான்.

உள்ளே வந்ததும் பேனலும் வால்பேப்பரும் பழையபடியே இருப்பதால், மாறியதா இல்லையா என்றே சந்தேகம் வரும். ஃபயர்பாக்ஸின் உதவி மெனுவில் 'கூடுதல் சரிசெய்தல் தகவல்' பக்கத்தைத் திறந்து, 'விண்டோ புரோட்டகால்' என்ற வரியைப் பாருங்கள். வேலேண்ட் என்றிருந்தால் சரி. எக்ஸ்வேலேண்ட் என்றிருந்தால் செஷன் புதியது, ஃபயர்பாக்ஸ் மட்டும் பழைய வழியில் ஓடுகிறது. எக்ஸ்ஐஸ் என்ற பழைய விளையாட்டு நிரலும் உதவும். அந்த இரண்டு கண்களும் எக்ஸ் வழியில் ஓடும் விண்டோக்களின் மேல் மவுஸ் போகும்போது மட்டும் அதைப் பின்தொடரும், வேலேண்ட் விண்டோ மேல் போனால் அசையாமல் நிற்கும். எந்த நிரல் எந்த வழியில் ஓடுகிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

தமிழ் தட்டச்சு

நம் ஊரில் இந்த மாற்றம் நிற்பதும் விழுவதும் இதில்தான். எக்ஸ்11-இல் ஐபஸ் என்ற மொழி உள்ளீட்டு நிரலை வைத்துத் தமிழ்99 அடித்துக்கொண்டிருந்தவர்கள், புதிய செஷனில் நுழைந்ததும் வெறும் ஆங்கில எழுத்து விழுவதைப் பார்த்துத் திகைப்பார்கள். எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்பில் போய் இந்திய மொழிகளைச் சேர்த்தாலும் பலனில்லை. வேலேண்டில் விசைப்பலகை லேப்டபிள்யூசியின் கையில் இருக்கிறது, எக்ஸ்எஃப்சிஇயின் அந்தப் பக்கத்துக்கு இங்கே செல்வாக்கு இல்லை.

வழி இது. எக்ஸ்11 செஷனுக்குத் திரும்பி, சினாப்டிக்கில் ஐபஸைப் போன்ற இன்னொரு உள்ளீட்டு நிரலான எஃப்சிஐடிஎக்ஸ்5, பல மொழி விசைப்பலகைகளைத் தரும் அதன் எம்17என் இணைப்பு, ஜிடிகே3 முன்முனை, கியூடி முன்முனை, அமைப்புக் கருவி ஆகியவற்றை நிறுவுங்கள். எஃப்சிஐடிஎக்ஸ்5 என்று தேடினாலே எல்லாம் வரிசையாக வரும். தமிழ்99, அஞ்சல் பாணி, தட்டச்சுப் பொறி விசைப்பலகை எல்லாம் எம்17என் தரவுத் தொகுப்பில் இருக்கின்றன.

அடுத்தது, லேப்டபிள்யூசிக்கு இதைத் தெரிவிப்பது. துனாரில் வீட்டுக் கோப்புறையைத் திறந்து கண்ட்ரோல்-எச் அழுத்தினால் மறைந்த கோப்புறைகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' கோப்புறைக்குள் லேப்டபிள்யூசி என்று தேடுங்கள். ஒருமுறை வேலேண்டில் நுழைந்து வந்திருந்தால் பெரும்பாலும் இருக்கும், இல்லையென்றால் அதே பெயரில் உருவாக்குங்கள். அதனுள் 'என்விரான்மென்ட்' என்ற உரைக்கோப்பை மவுஸ்பேட் என்ற உரைத்திருத்தியில் திறந்து மூன்று வரிகள் சேர்க்க வேண்டும்.

முதல் இரண்டு வரிகளும் ஒரே அச்சு: ஜிடிகே, ஐஎம், மாட்யூல் என்ற மூன்று சொற்களைப் பெரிய எழுத்தில், இடையே அடிக்கோடு போட்டு எழுதி, சமக்குறி இட்டு, எஃப்சிஐடிஎக்ஸ் என்று சிற்றெழுத்தில் முடியுங்கள். இரண்டாவது வரியில் ஜிடிகேக்குப் பதில் கியூடி. மூன்றாவது வரி எக்ஸ்மாடிஃபையர்ஸ் என்று பெரிய எழுத்தில் ஒரே சொல்லாக, பிறகு சமக்குறி, அட் குறி, ஐஎம், மறுபடி சமக்குறி, எஃப்சிஐடிஎக்ஸ். மூன்றிலும் 5 என்ற எண் வராது, சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடக் கூடாது. இந்த இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலானோர் தவறவிடுகிறார்கள்.

பிறகு செட்டிங்ஸில் 'செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்' பகுதியின் தானியங்கித் தொடக்கப் பட்டியலில் எஃப்சிஐடிஎக்ஸ்5 இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்த்துவிட்டு, வேலேண்ட் செஷனில் நுழையுங்கள். எஃப்சிஐடிஎக்ஸ் அமைப்புக் கருவியில் தமிழ்99-ஐத் தேடி இடது பக்கப் பட்டியலுக்குக் கொண்டுவாருங்கள். கண்ட்ரோல்-ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும்.

சோதனைக்கு 'பட்டுக்கோட்டை' என்று அடித்துப் பாருங்கள். ப, ட, ட, உ, க, க, ஓ, ட, ட, ஐ என்று பத்தே விசைகள். புள்ளி விசையைத் தொடாமலே ட்டு, க்கோ, ட்டை மூன்றும் தானாக விழ வேண்டும். விழவில்லையென்றால் நீங்கள் அடிப்பது எம்17என் தமிழ்99 அல்ல, வெறும் விசை மாற்றம். எழுத்து சரியாக விழுந்து, துணைப் பெட்டி மட்டும் திரையின் வேறு மூலையில் தோன்றினால் விட்டுவிடுங்கள். சீன, ஜப்பானிய மொழிக்காரர்களுக்கு அது பெரிய தொல்லை. தமிழ்99-இல் பட்டியலிலிருந்து பொறுக்க வேண்டியது எதுவும் இல்லை.

இந்தச் சோதனையை ஃபயர்பாக்ஸ், ரைட்டர், மவுஸ்பேட் மூன்றிலும் தனித்தனியே செய்யுங்கள். ஒன்றில் வந்தால் மற்றதிலும் வரும் என்று நம்பக் கூடாது. குரோமியம் வகைப் பிரவுசர்கள் வேலேண்டில் தமிழ் உள்ளீட்டைக் கைவிடும் வாய்ப்பு அதிகம். தமிழில் நிறைய அடிக்கிறவர் ஃபயர்பாக்ஸோடு இருப்பதே உத்தமம்.

கல்யாணப் பத்திரிகை, சுவரொட்டி அடிக்கும் கடைகளில் பாமினி எழுத்துருவில் வேலை நடக்கும். அது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் வடிவம் போர்த்தியது என்பதால் இந்த மாற்றம் அதை ஒன்றும் செய்யாது. பிரிண்டருக்கும் ஸ்கேனருக்கும் கூடப் பாதிப்பில்லை.

திரையும் எழுத்தின் அளவும்

இலவச லேப்டாப்களின் திரை பெரும்பாலும் 1366×768. அதில் 9 புள்ளி அளவில் தமிழ் எழுத்தைப் போட்டால் ண-வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி, ன-வா ண-வா என்று தெரியாது. அப்பியரன்ஸ் பகுதியின் எழுத்துரு பக்கத்தில் 11 புள்ளி வையுங்கள், ஹின்டிங்கை 'ஸ்லைட்' என்று வையுங்கள்.

வெளித்திரை இணைத்தால் எக்ஸ்எஃப்சிஇயின் டிஸ்ப்ளே பகுதியிலோ டபிள்யூடிஸ்ப்ளேஸிலோ இரண்டு திரைகளையும் பெட்டிகளாகப் பார்க்கலாம். இழுத்து வைத்து இடம் மாற்றி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்கேல் (எத்தனை மடங்கு பெரிதாக்குவது என்ற எண்) கொடுக்கலாம். லேப்டாப்புக்கு 1, 4கே திரைக்கு 2 என்பது எக்ஸ்11-இல் ஒழுங்காக வராத விஷயம். வேலேண்டுக்கு வருவதன் முக்கியப் பயன் இதுதான்.

1.5 போன்ற பின்ன அளவுகளில் இரண்டு சிக்கல் உண்டு. ஜிடிகே3 நிரல்கள் முதலில் 2 மடங்கில் வரைந்து, பிறகு சுருக்கப்படுகின்றன. பழைய இன்டெல் கிராஃபிக்ஸுக்கு அது சுமை. எக்ஸ்வேலேண்ட் வழியில் ஓடும் நிரல்களோ சிறியதாக வரைந்து பெரிதாக இழுக்கப்படுவதால் மங்கிப்போகும். 'வேலேண்டில் எழுத்து மங்கல்' என்று வரும் புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம். முழு எண்ணையே வைத்து, எழுத்துருவை மட்டும் 12 அல்லது 13 புள்ளிக்கு ஏற்றினால் கண்ணுக்கும் கணினிக்கும் சுகம். எக்ஸ்11-இலேயே இருப்பவர்கள் இதற்குப் பதில் எழுத்துரு பக்கத்தில் டிபிஐயை 96-லிருந்து 120 ஆக்கலாம்.

4கே டிவி வாங்கி வந்து மாட்டியும் 1920×1080-க்கு மேல் போகவில்லையா? 2011, 2012 காலத்து இன்டெல் செயலிகளின் எச்டிஎம்ஐ முனை 1920×1200-ஐத் தாண்டாது. கேபிளை மாற்றிப் பயனில்லை. அடுத்த தலைமுறையில் 4கே கிடைத்தாலும் நொடிக்கு 24 அல்லது 30 முறைதான் திரை புதுப்பிக்கும், மவுஸ் இழுவையாகத் தெரியும். 1080-இல் 60 வைத்துக்கொள்வதே மேல். டிவியில் பேனலின் ஓரம் வெட்டுப்பட்டால் அது லினக்ஸின் குறை அல்ல. டிவி ரிமோட்டில் பட அளவு மெனுவுக்குப் போய் 'ஜஸ்ட் ஸ்கேன்' அல்லது 'ஸ்கிரீன் ஃபிட்' தேர்ந்தெடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் எச்டிஎம்ஐ முனை களிம்பேறி, திரை வந்து வந்து போகும். மென்பொருளில் தேடுவதற்கு முன் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடைத்துப் பாருங்கள்.

என்னென்ன நிற்கும், மாற்று என்ன

எக்ஸ்11-இல் எந்த நிரலும் மற்ற நிரலின் விசைகளைக் கேட்கலாம், அதன் திரையைப் பார்க்கலாம். ஆளுக்கு ஆள் மடை வெட்டிக்கொள்ளும் வாய்க்கால் மாதிரி. வேலேண்டில் ஷட்டர் சாவி விண்டோக்களை வரையும் கம்பாசிட்டர் (இங்கே லேப்டபிள்யூசி) ஒருவரிடம் மட்டும். பாதுகாப்புக்கு நல்லது, ஆனால் பழைய வழியில் வசதி செய்துகொண்ட நிரல்கள் நின்றுபோகும்.

எக்ஸ்எஃப்சிஇயில் நீங்கள் வைத்த குறுக்கு விசைகள் வேலை செய்யாது. அவற்றை லேப்டபிள்யூசியின் ஆர்சி கோப்பில் எழுத வேண்டும். ஆல்ட்-டேப், ஆல்ட்-எஃப்4 ஏற்கெனவே இருக்கும். திரைப்பூட்டுக்கு ஸ்வேலாக், குறித்த நேரம் கழித்து அதைத் தானாக எழுப்ப ஸ்வேஐடில். கடையில் 300 நொடி போதும். இரவில் திரையை மஞ்சளாக்கும் ரெட்ஷிஃப்ட் ஓடாது, காமாஸ்டெப் ஓடும். அது இடம் கேட்டால் தஞ்சாவூருக்கு அட்சரேகை 10.8, தீர்க்கரேகை 79.1 என்று கொடுங்கள், டெல்டா முழுவதற்கும் அது போதும்.

ஆன்லைன் வகுப்பில் திரையைப் பகிர பைப்வயரும், எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டலின் டபிள்யூஎல்ஆர் தொகுப்பும் வேண்டும். முழுத்திரைப் பகிர்வை நம்புங்கள், ஒரு விண்டோவை மட்டும் பகிர்வது எப்போதும் கைகொடுக்காது. தொலைவிலிருந்து உங்கள் கணினியை இயக்கும் மென்பொருள்கள் பலவும் உள்ளே வர முடியாமல் நிற்கும். சென்னையிலிருந்து யாராவது அப்படி நுழைந்துதான் உங்கள் கணக்கு மென்பொருளைச் சரிசெய்வார் என்றால், அன்றைக்கு எக்ஸ்11-இல் நுழையுங்கள்.

கறுப்புத் திரை வந்தால்

கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்2 அழுத்துங்கள். எழுத்துத் திரை வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, செஷன்தான் செத்தது. கண்ட்ரோல்-ஆல்ட்-எஃப்7 அழுத்தி லாகின் திரைக்குப் போய் எக்ஸ்11-இல் நுழையுங்கள். அந்த விசையில் வராவிட்டால் எஃப்1, அதுவும் இல்லையென்றால் ஒருமுறை ரீஸ்டார்ட்.

உள்ளே வந்ததும் அதே என்விரான்மென்ட் கோப்பைத் திறந்து, டபிள்யூஎல்ஆர், ரெண்டரர் என்ற இரு சொற்களைப் பெரிய எழுத்தில் அடிக்கோட்டால் இணைத்து, சமக்குறி போட்டு, பிக்ஸ்மேன் என்று சிற்றெழுத்தில் எழுதிச் சேமியுங்கள். கிராஃபிக்ஸ் சிப்பை விட்டுவிட்டுச் செயலியே திரையை வரையும். மெதுவாக இருக்கும், ஆனால் செஷன் திறந்துவிட்டால் குற்றவாளி கிராஃபிக்ஸ் டிரைவர் என்று தெரிந்துவிடும். திறந்தும் மவுஸ் அம்பு மட்டும் தெரியவில்லையென்றால் டபிள்யூஎல்ஆர், நோ, ஹார்ட்வேர், கர்சர்ஸ் என்ற நான்கு சொற்களை அதே முறையில் இணைத்து, சமக்குறிக்குப் பிறகு 1 போடுங்கள்.

மூன்றாவது முயற்சியிலும் லாகின் பக்கத்துக்கே திரும்பினால், அந்த என்விரான்மென்ட் கோப்பின் பெயரை மாற்றி வைத்துவிட்டு மறுபடி நுழைந்து பாருங்கள். திறந்துகொண்டால் வரிகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே வாருங்கள், எந்த வரியில் பிழை என்று பிடிபட்டுவிடும். அப்படியும் திறக்கவில்லையென்றால் அந்த இயந்திரத்துக்கு எக்ஸ்11 போதும்.